சுற்றிக் கட்டிய தெய்வம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பசிபிக் பெருங்கடலின் பாலினீசியத் தீவுகளுடைய சடங்குப் பொருள்களைப் பற்றிப் பேசுமுன் 'சிலை' என்ற சொல்லைச் சற்று ஒதுக்கி வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். சிலை என்றதும், கண்டு வணங்குவதற்காகச் செதுக்கிய ஓர் உருவம் நம் மனத்தில் எழுகிறது. அத்தீவுகளிலோ புனிதம் கூடக்கூடப் பொருள் மூடப்பட்டது, சுற்றப்பட்டது, கட்டப்பட்டது.

குக் தீவுகளில் ஒன்றான ரரோடோங்காவின் தெய்வக்கோல் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சவுக்கு மரத்தில் செய்த, ஏறத்தாழ 4 மீட்டர் நீளக் கோல் அது. ஒரு முனையில் பெரிய தலையும் அதன்கீழ் சிற்றுருவங்களும் தெரிகின்றன. நடுப்பகுதியோ, மரப்பட்டையைத் தட்டித் தட்டி மெலிதாக்கிய 'தப்பா' துணிச் சுருளுக்குள் மறைந்திருக்கிறது. அந்தச் சுருளுக்குள் செந்நிற இறகுகளும் மெருகேற்றிய முத்துச்சிப்பித் துண்டுகளும் வைக்கப்பட்டன என்றும், அவையே தெய்வத்தின் உயிர் என்றும் 1827-இல் அத்தீவில் இருந்த மதபோதகர் ஜான் வில்லியம்ஸ் பதிவு செய்திருக்கிறார். மரம் செதுக்குவது ஆண்களின் வேலை, தப்பா அடிப்பது பெண்களின் வேலை. இரு கைகளும் சேராமல் அந்தத் தெய்வம் உருவாகியிருக்க முடியாது. தீவு மக்கள் கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆண்டுகளில் இத்தகைய கோல்களின் சுற்றுத்துணி உருவப்பட்டது, பல நெருப்புக்குப் போயின. துணி சுற்றியபடியே எஞ்சிய பெரிய கோல் இது ஒன்றுதான். மற்றவற்றில் பலவும் வெறும் தலைத்துண்டுகளாகவே நமக்குக் கிடைத்திருக்கின்றன.

அதே அருங்காட்சியகத்தில், மற்றொரு பாலினீசியத் தீவான ரூருட்டுவின் 'ஆஆ' என்ற மரத் தெய்வ உருவம் நிற்கிறது. உயரம் 117 சென்டிமீட்டர்தான். அதன் முகத்தை நெருங்கிப் பாருங்கள்: கண்ணும் மூக்கும் வாயும் தனித்தனிக் குட்டி மனித உருவங்கள். உடலெங்கும் இப்படி 30 உருவங்கள் ஒட்டிப் பிறந்தவைபோல் புடைத்து நிற்கின்றன. மரத்தின் காலத்தைக் கணித்தவர்கள் 16, 17-ஆம் நூற்றாண்டுகளைச் சுட்டுகிறார்கள்; கேப்டன் குக் 1769-இல் அத்தீவை நெருங்குவதற்கும் முந்தைய காலம் அது. அப்படியானால் இரும்பு உளி எட்டாத கையொன்று, கல் வாய்ச்சியைக் கொண்டு இத்தனை நுட்பத்தைச் செய்து முடித்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

ஆனால் 'ஆஆ'வின் அர்த்தம் அதன் முதுகில் இருக்கிறது. முதுகுப் பலகையைக் கழற்றினால் உள்ளே குடைந்த பேழை. 1821 ஆகஸ்டில் ரூருட்டு மக்கள் இதை ராயாட்டேயா தீவில் இருந்த மதபோதகர்களிடம் ஒப்படைத்தபோது, உள்ளே 24 சிற்றுருவங்கள் இருந்தன. அதற்கும் முன்பு முன்னோர் ஒருவரின் எலும்புகளைக் காக்கவே இந்தப் பேழை அமைக்கப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர் ஸ்டீவன் ஹூப்பர் கருதுகிறார். உருவம் முழுவதையும் முன்னோரைச் சுமக்கும் உடலாகக் கண்டால், மேலே முளைத்த அந்த முப்பது பேரும் வழித்தோன்றல்களாகவே என் கண்ணுக்குத் தெரிகிறார்கள். உள்ளிருந்த 24 உருவங்களும் 1882-இல் அகற்றி அழிக்கப்பட்டுவிட்டன. ஓவியர் பிக்காசோவும் சிற்பி ஹென்றி மூரும் விரும்பித் தம்மிடம் வைத்துக்கொண்ட 'ஆஆ'வின் வார்ப்புப் படிகள் அந்த வெறும் பேழையின் படிகளே.