தொட்டிக்குள் தாய் இல்லை

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் புன்னகையோடு உட்கார்ந்திருக்கும் மூவருக்கும், பொங்கல் சாப்பாட்டின் மயக்கத்தையும் மீறிக் கண்ணைத் திறந்து வைத்திருக்கும் அவையினருக்கும் வணக்கம்.

"ஓர்காக் காட்சிகள் நமக்குக் கடலை நேசிக்கக் கற்றுக்கொடுத்தனவா, காசு பார்க்கக் கற்றுக்கொடுத்தனவா?" இதுதான் தலைப்பு. ஓர்கா என்பது நாம் கொலைகாரத் திமிங்கலம் என்று சொல்கிறோமே, அது; பூங்காத் தொட்டிகளில் அதை ஆட வைத்துக் காட்டுவதுதான் காட்சி. நான் காசு அணி. சொன்னதும் நம் சங்கப் பொருளாளர் நிமிர்ந்து உட்காருகிறார். சந்தா பாக்கி பற்றி நான் பேசப்போவதில்லை ஐயா, நிம்மதியாக இருங்கள்.

எதிரணித் தலைவர் அருமையாகப் பேசினார். அவர் சொன்னதில் ஒன்று முழுக்க உண்மை. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், இல்லாவிட்டால் தீர்ப்பு சொல்லும்போது நடுவர் என்னைப் பிடித்துக்கொள்வார். பூங்காக்கள் வருவதற்கு முன், அந்தக் கரையோரப் பூர்வகுடிகளைத் தவிர ஓர்காவை நேசிக்க ஆளே இல்லை. மீனவர்கள் கண்ட இடத்தில் சுட்டார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1961இல், சாமன் மீனையெல்லாம் இவை தின்றுவிடுகின்றன என்று அரசாங்கமே கரையில் ஓர் இயந்திரத் துப்பாக்கியைக் கொண்டுவந்து நிறுத்தியது. நல்லவேளை, சுடவில்லை. 1964இல் வான்கூவர் மீன்காட்சியகத்துக்கு ஓர்கா சிலை செய்ய ஒரு மாதிரி தேவைப்பட்டது. ஒன்றைக் கொன்று கொண்டுவர ஆள் அனுப்பினார்கள். ஈட்டி பாய்ந்தும் அது சாகவில்லை. சரி, உயிரோடு இழுத்து வருவோம் என்று கொண்டுவந்து அடைத்து, மோபி டால் என்று பெயர் வைத்தார்கள். பெண் என்று நினைத்து வைத்த பெயர். அது ஆண் என்பது செத்த பிறகுதான் தெரிந்தது. மூன்று மாதம்கூட அது இருக்கவில்லை. ஆனால் அதற்குள் உலகத்துக்கு ஒன்று புரிந்துவிட்டது: இது ஆளைத் தின்கிற பிசாசு இல்லை.

ஆக, நேரில் பார்த்ததால் நேசம் வந்தது. ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்த நேசம் வந்து அறுபது வருடம் ஆகிறது, நடுவர் அவர்களே! பெண் பார்க்கக் கூட்டிப்போன கல்யாணத் தரகருக்கு ஒருமுறை கமிஷன் கொடுக்கலாம், நியாயம். பேரன் பேத்தி எடுத்த பிறகும் மாதாமாதம் வந்து நின்றால் கொடுப்பீர்களா?

அடுத்து வந்த அக்கா, "தொட்டியை இன்னும் பெரிதாகக் கட்டினால் போதாதா?" என்று கேட்டார். என் வாதமே அங்கேதான் இருக்கிறது. நான் தொட்டியின் அளவைப் பற்றிப் பேச வரவில்லை. எத்தனை அடி வேண்டுமானாலும் கட்டுங்கள். அதற்குள் அதன் அம்மாவை எப்படிக் கொண்டுவருவீர்கள்?

கொலைகாரத் திமிங்கலம் என்று பெயர் வைத்திருக்கிறோம். உண்மையில் அது திமிங்கலமே இல்லை, டால்பின் குடும்பத்தின் மூத்த அண்ணன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கரையோரத்தையே வீடாகக் கொண்டு, சாமன் தின்று வாழும் கூட்டங்களில் மகனும் சரி, மகளும் சரி, அம்மாவை விட்டுப் பிரிவதே இல்லை. முப்பது வயது, பல டன் எடை, ஆள் உயரத்துக்கு முதுகுத் துடுப்பு, அப்படிப்பட்ட ஆம்பளை அம்மாவின் பக்கத்திலேயே நீந்திக்கொண்டிருப்பான். நம் வீடுகளில் "அம்மா பிள்ளை" என்று மாப்பிள்ளையைக் கேலி செய்கிறோமே, அங்கே எல்லாரும் அம்மா பிள்ளைதான். 2012இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது: தாய் இறந்துபோனால், முப்பது வயது தாண்டிய மகன் அடுத்த ஓராண்டுக்குள் இறக்கும் அபாயம் பதினான்கு மடங்கு கூடுகிறது. 2018இல் தாலெக்குவா என்ற தாய், பிறந்ததும் இறந்துபோன குட்டியை 17 நாள் தலையில் தாங்கிக்கொண்டே நீந்தியதை நீங்கள் எல்லாரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதற்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று, மொழி. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனி வழக்கு உண்டு. திருநெல்வேலிக்காரர் வாயைத் திறந்ததும் கோயம்புத்தூர்க்காரருக்குத் தெரிந்துவிடுகிறதல்லவா, அந்த மாதிரி குரலை வைத்தே இது எந்தக் குடும்பம் என்று ஆய்வாளர்கள் சொல்லிவிடுகிறார்கள். குட்டிகள் அதைத் தாயிடம் கேட்டுத்தான் கற்கின்றன. பூங்கா என்ன செய்தது? ஐஸ்லாந்தில் பிடித்ததையும் பசிபிக்கில் பிடித்ததையும் ஒரே தொட்டியில் போட்டது. சண்டை வந்தால் ஒதுங்கிப்போக இடமில்லாத தொட்டியில்.

"ஆராய்ச்சிக்கு உதவியதே" என்றும் ஒரு வாதம் வந்தது. கொஞ்சம் உதவியது, மறுக்கவில்லை. கர்ப்பகாலம் எவ்வளவு என்பதைப் போன்ற விஷயங்கள் தொட்டியில் பார்த்துத் தெரிந்தவைதான். ஆனால் நான் இப்போது சொன்ன தாய்வழிக் குடும்பக் கதை எப்படித் தெரிந்தது? கனடாவின் மைக்கேல் பிக் என்ற விஞ்ஞானி 1970களில் படகில் போய்ப் படம் பிடித்து, துடுப்பின் வடிவத்தையும் அதன் பின்னால் இருக்கும் சாம்பல் திட்டையும் வைத்து ஒவ்வொன்றையும் ஆள் அடையாளம் கண்டார். அப்போதுதான் எண்ணிக்கையும் தெரிந்தது. அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கும் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். இருந்தவை சில நூறுதான். காட்சிக்காக ஏற்கெனவே டஜன் கணக்கில் பிடித்துப் போயிருந்தார்கள்.

எப்படிப் பிடித்தார்கள் என்று சொல்கிறேன். 1970 ஆகஸ்ட் 8, வாஷிங்டன் மாநிலம், விட்பி தீவின் பென் கோவ் என்ற சிறு விரிகுடா. மேலே விமானம், கீழே வேகப்படகுகள். தண்ணீரில் வெடி போட்டு விரட்டினார்கள். அந்தக் கூட்டங்கள் முன்பே வலையில் மாட்டித் தப்பியவை, வெடிச்சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று அவற்றுக்குத் தெரியும். அதனால் குட்டி இல்லாத பெரியவை ஒரு பக்கம் பிரிந்து போய்ப் படகுகளைத் தங்கள் பின்னால் இழுத்தன. குட்டிகளோடு இருந்த தாய்கள் இன்னொரு பக்கம் சத்தமில்லாமல் நழுவின. அவை தண்ணீருக்குள்ளேயே இருந்திருந்தால் தப்பியிருக்கும். ஆனால் மூச்சு விட மேலே வந்துதானே ஆக வேண்டும்? விமானத்திலிருந்து பார்த்துவிட்டார்கள்.

ஏறக்குறைய எண்பதை மடக்கினார்கள். விற்பனைக்கு வேண்டியது குட்டிகள் மட்டும், அவைதான் வண்டியில் ஏற்ற வசதி. குட்டிகளைப் பிரித்து எடுத்தபோது, வலைக்கு வெளியே இருந்த பெரியவை ஓடிப்போகவில்லை, நடுவர் அவர்களே. வழி திறந்துதான் இருந்தது. போகாமல் அங்கேயே கத்திக்கொண்டு சுற்றின. ஏழு விற்கப்பட்டன. நான்கு குட்டிகளும் ஒரு பெரிய பெண்ணும் வலையில் சிக்கி மூச்சு முட்டிச் செத்தன. செத்த கணக்கு வெளியே தெரியக் கூடாதென்று வயிற்றைக் கிழித்துக் கல்லை நிரப்பி, சங்கிலி கட்டி ஆழத்தில் இறக்கினார்கள். நவம்பரில் சில உடல்கள் கரை ஒதுங்கின. அந்த வேலையில் கூலிக்கு இருந்த ஒருவர், அன்றைக்குத் தான் அழுதுகொண்டேதான் வேலை செய்ததாகப் பல வருடம் கழித்துச் சொன்னார்.

கன்றை இழந்த பசு மணியடித்த கதையைச் சொல்லித்தான் நம் வீடுகளில் நியாயம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தோம். அந்தத் தாய்களுக்கு அடிக்க மணி இல்லை. ஆறு வருடம் கழித்து வேறொருவர் அடித்தார். 1976 மார்ச், பட் இன்லெட் என்ற இடம். மாநில ஆளுநரின் உதவியாளர் ரால்ஃப் மன்ரோ தன் மனைவியோடு பாய்மரப் படகில் போய்க்கொண்டிருந்தார். அவர் கண் முன்னாலேயே வெடி, விமானம், அலறல். மாநில அரசு சீவேர்ல்ட் என்ற பூங்கா நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. அதன்பின் அந்தக் கடலில் பிடிப்பது நின்றது. அந்த நிறுவனம் திருந்திவிட்டதா? ஓர்கா வியாபாரம் ஐஸ்லாந்துக்குப் போனது!

1983இல் ஐஸ்லாந்தில் பிடிபட்டு, கனடாவில் ஒரு பூங்காவுக்குப் போனவன்தான் திலிகும். பிடிக்கும்போது வயது சுமார் இரண்டு. மனிதர் வயதில் சொன்னால் பால் மறக்காத பிள்ளை. 1991, 1999, 2010 என மூன்று பேரின் மரணத்தில் அவன் இருந்தான். திறந்த கடலில் ஓர்கா ஒரு மனிதரைக் கொன்றதாகப் பதிவே கிடையாது. தொட்டிகளில் இறந்தவர்கள் நான்கு பேர், அவர்களில் மூவர் பயிற்சியாளர்கள். 2009இல் ஸ்பெயினின் தெனரீஃப் தீவில் நடந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். அப்புறம் யார் யாரைக் கொலைகாரன் என்று அழைப்பது?

1991இல் முதல் மரணம் நடந்தவுடனேயே திலிகுமை ஒதுக்கி வைத்திருக்க வேண்டாமா? அவனைக் கனடாவிலிருந்து அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் இருக்கும் சீவேர்ல்டுக்கு வாங்கினார்கள். ஏன்? யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இங்கே அதைவிட நல்ல கணக்கு: திலிகும் 21 குட்டிகளுக்குத் தந்தை.

இப்போது எதிரணி, "அவை தொட்டியிலேயே பிறந்தவை, கடலையே பார்க்காதவை, எந்தத் தாயிடமிருந்து பிரித்தோம்?" என்று கேட்கும். 1985இல் ஆர்லாண்டோவில் கலினா பிறந்தாள். தொட்டியில் பிறந்து பிழைத்த முதல் குட்டி, பத்திரிகையெல்லாம் படம். ஐந்து வயது நிறையும் முன்பே தாய் கட்டினாவிடமிருந்து பிரித்து வேறு ஊர்ப் பூங்காவுக்கு அனுப்பினார்கள். கடலில் வலை போட்டார்கள், இங்கே வலைகூடத் தேவைப்படவில்லை.

"விட்டால் மட்டும் பிழைக்குமா? கெய்க்கோ செத்ததே!" என்றார் கடைசியாகப் பேசியவர். செத்தது உண்மை. ஹாலிவுட் படத்தில் நடித்துப் பேர் வாங்கிய கெய்க்கோ 1979இல் பிடிபட்டு, 1998இல் ஐஸ்லாந்துக் கடலுக்குத் திரும்பி, நார்வே வரை தானே நீந்திப்போய், 2003இல் நிமோனியாவில் இறந்தது. இடையில் இருபது வருடம் தொட்டி. குடும்பம் எதுவென்றே தெரியவில்லை. அதற்குப் பக்கத்தில் ஸ்பிரிங்கரை வையுங்கள். 2002இல் சியாட்டில் அருகே தனியாகத் திரிந்த அநாதைக் குட்டி. பிடித்தார்கள், கடல் அடைப்பில் வைத்து உடம்பைத் தேற்றினார்கள், குரலை வைத்து அவளுடைய உறவு எது என்று கண்டுபிடித்து, வடக்கே கொண்டுபோய் அந்தக் கூட்டத்திலேயே விட்டார்கள். இன்று அவள் குட்டி பெற்ற தாய். ஒன்று செத்தது, ஒன்று வாழ்கிறது. வித்தியாசம் தண்ணீரிலா இருக்கிறது?

நாங்கள் எல்லாவற்றையும் நாளைக் காலையில் கடலில் திறந்துவிடச் சொல்லவில்லை. தொட்டியில் வளர்ந்ததற்கு வேட்டை தெரியாது, பல்லும் நன்றாக இருக்காது. 2017இல் வெளியான ஆய்வில் 29 ஓர்காக்களின் பற்களைப் பார்த்தார்கள், 29க்கும் பல் சேதம். காங்கிரீட்டையும் இரும்புக் கதவையும் கடித்துக் கடித்து வந்தது. இருப்பவற்றைக் கடலோர அடைப்பில் வைத்துக் காப்பாற்றுங்கள், புதிதாக ஒன்றைப் பிடிக்காதீர்கள், பெருக்காதீர்கள், ஆட வைக்காதீர்கள் என்கிறோம். அவ்வளவுதான். சீவேர்ல்டே 2016இல் இனப்பெருக்கத்தை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. கனடா 2019இல் அதற்குத் தடைச் சட்டமே போட்டது. எதிரணி யாருக்காக வாதாடுகிறது என்று எனக்குப் புரியவில்லை.

"கோயில் யானையை விட்டுவிட்டு அமெரிக்காக்காரனைக் கேட்கிறீர்களே" என்று ஒரு குத்தலும் வந்தது. வாங்கிக்கொள்கிறேன். அது தனிப் பட்டிமன்றம், தலைப்பு வையுங்கள், வருகிறேன். ஆனால் டால்பின் விஷயத்தில் நாம் சூடு பட்டிருக்கிறோம். 1990களின் கடைசியில் பல்கேரியாவிலிருந்து சென்னைக்கு டால்பின்கள் காட்சிக்கு வந்தன, சில மாதங்களிலேயே செத்தன. 2013 மே மாதம் இந்திய அரசு டால்பின் காட்சியகங்களே கூடாது என்று சொல்லிவிட்டது.

ஊரிலிருந்து என் அம்மா முதல்முறை இங்கே வந்தபோது நானும் ஓர் ஓர்காக் காட்சிக்குக் கூட்டிப்போனேன். தண்ணீர் தெறித்ததும் குழந்தை மாதிரிச் சிரித்தார். திரும்பி வரும்போது, "ஏன்டா, அதுக்கு முதுகுல இருக்கறது ஏன் அப்படித் தொங்கிப்போய்க் கிடக்கு?" என்று கேட்டார். கடலில் அந்த முதுகுத் துடுப்பு நிமிர்ந்து நிற்கும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. நுழைவுச்சீட்டு வாங்கி, ஒரு மணி நேரம் பார்த்து, கல்வி பெற்று வந்த பிறகும் தெரியாது.

பென் கோவ் விரிகுடாவில் பிடித்து விற்ற ஏழில் ஒருத்தி டோக்கிட்டே. மயாமி பூங்காவில் அவளுக்கு லொலீட்டா என்று பெயர் மாற்றினார்கள். தொட்டியின் நீளம் 80 அடி, அகலம் 60 அடி, ஆழம் 20 அடி. அவளே 20 அடி. கூட இருந்த ஹூகோ சுவரில் தலையை மோதி மோதி 1980இல் செத்தான். அதற்குப் பிறகு நாற்பத்துச் சொச்சம் வருடம் தன் இனத்தில் ஒன்றைக்கூட அவள் பார்க்கவில்லை. 2023 மார்ச்சில் அவளை ஊருக்கு அனுப்பப் போவதாக அறிவித்தார்கள். அவளுடைய தாய் என்று பலர் நம்பிய ஓஷன் சன், தொண்ணூறு வயதைத் தாண்டியதாகக் கருதப்பட்ட கிழவி, அப்போதும் அந்தக் கடலில் நீந்திக்கொண்டுதான் இருந்தாள். ஆகஸ்ட் 18 அன்று டோக்கிட்டே இறந்தாள்.

அந்தக் கடற்கரையின் பூர்வகுடிகளான லம்மி மக்கள் அவளைத் தங்கள் உறவு என்றே சொல்வார்கள். அவர்கள் சாம்பலை வாங்கிக்கொண்டு போய், செப்டம்பரில், அவள் பிறந்த தண்ணீரிலேயே கரைத்தார்கள். ஐம்பத்து மூன்று வருடம் கழித்து, அம்மாவோடு நீந்திய கடலுக்கு அப்படித்தான் அவள் போய்ச் சேர்ந்தாள்.

மணி அடித்துவிட்டார்கள். வணக்கம்.