கூழ்ப்பானையும் பித்தளைச் சொம்பும்

நடுவர் அய்யா அவர்களுக்கும், இரண்டு அணிப் பேச்சாளர்களுக்கும், உட்கார இடமில்லாமல் பந்தல் காலைப் பிடித்தபடி நிற்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். நேரம் குறைவு. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

"கல்யாண வரவேற்பு மேசைக்கு அழகு சேர்ப்பது கைக்காசா, கைவேலையா?" இதுதான் தலைப்பு. கைவேலைதான் என்று பேச வந்திருக்கிறேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். "காசில்லாமல் மேசையை அலங்கரிக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் சட்டியில் வேப்பிலையைச் செருகி வைப்பார்கள். வருகிற விருந்தாளி, அடடா, கூழ் ஊற்றுகிறார்கள் போல என்று வீட்டுக்கு ஓடிப்போய்த் தூக்குவாளியோடு வருவார்" என்றார். என்ன கைதட்டல்! பந்தலே ஆடியது.

சரி சகோதரி, கூழைப் பற்றியே பேசுவோம்.

கூழ் ஊற்றுவது எந்த மாதம்? ஆடி. ஆடியில் நம் ஊர்ப்பக்கம் யார் வீட்டில் கல்யாண வரவேற்பு வைக்கிறார்கள்? புதுப்பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போகிற மாதமல்லவா அது! ஆகவே உங்கள் தூக்குவாளிக்காரர் குழம்புவதற்கு வழியே கிடையாது. வாளி பத்திரமாக அவர் வீட்டிலேயே இருக்கட்டும்.

அடுத்து, அந்தக் கூழ்ப்பானையைக் கிட்டத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? மண்பானைக் கழுத்தில் மஞ்சள் கயிறு. கயிற்றில் ஈரம் காயாத வேப்பிலைக் கொத்து. பானை வயிற்றில் மஞ்சள் பூசி, அதன்மேல் குங்குமப் பொட்டு. பக்கத்துத் தாம்பாளத்தில் உரித்த சின்ன வெங்காயம். அதற்கடுத்து முருங்கைக்கீரைச் சட்டி. சில ஊர்களில் கருவாட்டுக் குழம்பும் உண்டு, வாசம் தெருமுனை வரைக்கும் வரும். இந்த இடத்துக்கு யாராவது அலங்காரக்காரரைக் கூப்பிட்டு முன்பணம் கொடுத்தார்களா? கோயில் தெருப் பெண்கள் நாலு பேர் பேசிக்கொண்டே செய்துவிட்டுப் போன வேலை. அதைப் பார்த்தால் உட்காரத் தோன்றுகிறதா இல்லையா? பசிக்கிறதா இல்லையா? கேழ்வரகுக் கூழ் வேண்டாம் என்கிற பிள்ளைகூட அந்தப் பானையைப் பார்த்தால் ஒரு சொம்பு கொடு என்று கை நீட்டும். சாப்பாட்டு மேசைக்கு அலங்காரம் வேறு எதற்காக? நீங்கள் கிண்டலுக்கு எடுத்த கூழ்ப்பானையை நான் என் கட்சிக்குச் சாட்சியாகவே கூப்பிட்டுக்கொள்கிறேன்.

இனிக் கணக்குக்கு வருவோம். என் அக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் நான். திண்டுக்கல் மாவட்டம், நிலக்கோட்டைப் பக்கம். பூச்சந்தைக்குப் பேர்போன ஊர், உங்களுக்குத் தெரியும். வைகாசி முகூர்த்தம், மாலை வரவேற்பு, இருபது வட்டமேசை. அலங்காரம் செய்கிறவர் ஒருவர் வந்தார். கைப்பேசியில் படம் காட்டினார். உயரமான கண்ணாடிக் குடுவை, உள்ளே மெழுகுவர்த்தி, மேலே வெள்ளை ரோஜாக் குவியல். மேசைக்கு ஆயிரத்து இருநூறு, இருபது மேசைக்கு இருபத்து நாலாயிரம் என்றார். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். மேசைக்கென்று அவள் ஒதுக்கி வைத்திருந்தது மொத்தமே நாலாயிரம்.

நான் அவரிடம் ஒன்று கேட்டேன். "தம்பி, மண்டபத்தில் குளிர்சாதனம் இல்லை, மின்விசிறிதான். விசிறிக்கு நேர் கீழே மெழுகுவர்த்தி எப்படி எரியும்?" அவர், "படம் எடுக்கும்போது மட்டும் விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள் சார்" என்றார். வைகாசி மாதம்! அக்னி நட்சத்திரத்தில்! விசிறியை நிறுத்தினால் மாப்பிள்ளை வீட்டார் பேசாமல் இருப்பார்களா? அந்தக் குடுவையின் உயரம் வேறு. எதிரே உட்கார்ந்திருக்கும் சம்பந்தியின் முகம் தெரியாது. பூவை விலக்கிப் பார்த்துத்தான் "சாம்பார் போட்டுக்கொள்ளுங்கள்" என்று உபசரிக்க வேண்டும். மேசைப் பூ கண்மட்டத்துக்குக் கீழே இருந்தால்தான் சாப்பிடுகிறவர்கள் பேசிக்கொள்ள முடியும். இதைப் பெரிய ஓட்டல்களில் வேலை பார்ப்பவர்களும் சொல்வார்கள்.

பூவை நிறுத்தி வைக்க அவர்கள் உள்ளே வைக்கும் பச்சைக் கட்டியும் ரசாயனப் பிசினில் செய்த பொருள்தான். தொட்டால் பொடியும், மண்ணில் மக்காது. மேசைமேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாளுக்கு நம் அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை போட்டுவிட்டது. அதை எடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்து நடுவில் வைப்பதில் என்ன பெருமை?

சரி, அக்கா வீட்டுக்கு வருகிறேன். அலங்காரக்காரர் போனதும் எல்லோரும் வாயடைத்து உட்கார்ந்திருந்தோம். அப்போது எங்கள் பெரியம்மா எழுந்தார். எழுபது வயது தாண்டியவர். ஒன்றும் பேசவில்லை. ஏணியைப் போடு என்றார். பரணில் ஏறச் சொன்னார். மேலே ஒரு சாக்கு மூட்டை. அவிழ்த்தால், அவருக்குச் சீராக வந்த பித்தளைச் சொம்புகள். கறுத்துப் போய்க் கிடந்தன. "இது எல்லா வீட்டுப் பரணிலும் கிடக்கும், போய்க் கேள்" என்றார். அவ்வளவுதான், தெருவில் இறங்கிவிட்டோம். கேட்காத வீடு இல்லை. கொடுக்காத வீடும் இல்லை. சாயங்காலத்துக்குள் மேசைக்கு ஒன்று என்ற கணக்கைத் தாண்டிச் சொம்பு வந்து குவிந்துவிட்டது. திருப்பிக் கொடுக்கும்போது சண்டை வரக் கூடாதென்று ஒவ்வொன்றின் அடியிலும் வீட்டு எண்ணைத் தாளில் எழுதி ஒட்டினோம். புளியும் உப்பும் போட்டு அக்கா தெருப் பெண்களோடு உட்கார்ந்து தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க உள்ளேயிருந்து பெயர் வந்தது. ஆமாம் நடுவர் அய்யா, அந்தக் காலத்துச் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவார்களே, புள்ளி புள்ளியாய்? புருஷன் பெயரின் முதலெழுத்து, பிறகு பெண்ணின் பெயர், சிலவற்றில் வருஷமும். கறுப்பு போனதும் அந்தப் புள்ளிகள் பளிச்சென்று எழுந்தன.

விடிகாலையில் சந்தைக்குப் போனேன். செண்டுமல்லி கிலோ ஐம்பது, பத்துக் கிலோ ஐந்நூறு. சம்பங்கி நாலு கிலோ அறுநூறு. மல்லிகை மொட்டு கிலோ அறுநூறு என்று இரண்டு கிலோ. ஆக இரண்டாயிரத்து முந்நூறு. மாவிலையும் தென்னங்குருத்தும் தோட்டத்துக்காரர் சும்மா கொடுத்தார். மேசை நடுவில் விரிக்க, சுங்குடிப் புடவைகளை நீளவாக்கில் மடித்தோம். மிச்சப் பணத்தில் பன்னீரும் கற்கண்டும் வந்தன.

மல்லிகையில் ஒரு நுட்பம் உண்டு. அது சாயங்காலத்துக்குப் பிறகுதான் விரியும். நாலு மணிக்குச் சொம்பின் கழுத்தைச் சுற்றி மொட்டாகக் கட்டினோம். ஏழரைக்கு விருந்தாளி உட்காரும்போது ஒவ்வொன்றாக விரிந்துகொண்டிருந்தது. வெள்ளை ரோஜாவுக்குக் கொடுக்கும் காசில் இந்த வாசம் வருமா? கடையில் வாங்கும் ரோஜா பலவற்றில் முகர்ந்தாலும் வாசமே இருக்காது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள்.

இனிமேல்தான் கதையே. ஏழரை மணிக்குக் கதவைத் திறந்தோம். எங்கள் தெரு வாத்தியார் வீட்டு அம்மா உள்ளே வந்தார். நேரே போய் நாற்காலியில் உட்காரவில்லை. முதல் மேசைக்குப் போனார், சொம்பைத் திருப்பினார், பெயரைப் பார்த்தார், வைத்தார். இரண்டாவது மேசை. திருப்பினார், பார்த்தார், வைத்தார். நான் ஓடிப்போய், "என்னம்மா தேடுகிறீர்கள்?" என்றேன். "என் சொம்பு எந்த மேசையில் இருக்கிறது?" என்றார்! அவர் சொம்பு இருக்கும் மேசையில்தான் அவர் சாப்பிடுவாராம்!

பின்வரிசைக்குச் சரியாகக் கேட்டிருக்காது, இன்னொரு தடவை சொல்கிறேன். வந்தவர் மணமேடையைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, "என் சொம்பு எங்கே?" என்றார். அவர் ஒருவர் இல்லை, தெருவே கேட்டது. கடைசி வீட்டு அத்தை தன் சொம்பைக் கண்டுபிடித்ததும் பக்கத்திலிருந்த மாப்பிள்ளை வீட்டு அம்மாவிடம், "இது என் கல்யாணத்துக்கு என் அண்ணன் வாங்கிக் கொடுத்தது" என்று ஆரம்பித்தார். அந்த அம்மா, "எனக்கும் இப்படி ஒன்று இருந்தது, மருமகள் எடைக்குப் போட்டுவிட்டாள்" என்றார். அவ்வளவுதான், இரண்டு பேரும் ரசம் வரும்வரை பேசி முடிக்கவில்லை. முன்பின் தெரியாத இரண்டு குடும்பம் ஒரே மேசையில் ஒட்டிக்கொண்டது. சகோதரி, அலங்காரக்காரர் காட்டிய கண்ணாடிக் குடுவையைப் பார்த்து யாராவது "இது என்னுடையது" என்று சொல்லியிருப்பார்களா? விருந்து முடிந்ததும் வண்டியில் ஏற்றி அடுத்த மண்டபத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

நடுவர் மணியில் கை வைக்கிறார். அய்யா, இன்னும் ஒரே ஒரு சொம்பு பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

என் அக்காவுக்கு ஏன் நாலாயிரம்தான் இருந்தது என்று நான் இதுவரை சொல்லவில்லை. அத்தான் இல்லை. தையல் கடை வைத்திருந்தவர். மகள் பள்ளிக்கூடம் படிக்கும்போதே போய்விட்டார். அந்த மிஷினில் உட்கார்ந்துதான் அக்கா அவளைப் படிக்க வைத்தாள். வரவேற்பு அன்று அக்கா மேடைப் பக்கமே வரவில்லை. ஏன் வரவில்லை என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். நம் ஊர் அப்படி. சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்று வருகிறவர்களுக்குச் சந்தனம்கூடக் கொடுக்காமல், "வாங்க, வாங்க" என்று வாயால் மட்டும் அழைத்துக்கொண்டிருந்தாள்.

மணமக்கள் சாப்பிட வந்தார்கள். அவர்கள் மேசையில் இருந்தது அக்காவின் சொம்பு. பெரியம்மா அதைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். என் மருமகள் உட்கார்ந்தாள், சொம்பைத் திருப்பினாள். அத்தான் பெயரின் முதலெழுத்து, பக்கத்தில் அக்காவின் பெயர். அந்தப் பிள்ளை எழுந்துவிட்டாள். பட்டுப்புடவையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் நடந்துபோய் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். தன் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். "அப்பா இங்கேதானே இருக்கிறார், நீ ஏன் அங்கே நிற்கிறாய்?" என்றாள். மாப்பிள்ளை தன் இலையிலிருந்த இனிப்பை எடுத்து அத்தைக்கு ஊட்டினார். ஒரு வார்த்தை சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்துவந்து, தன் கையாலேயே அக்காவுக்கு ஓர் இலை போட்டார்.

தலைப்பை விட்டு வெகுதூரம் வந்துவிட்டேன் என்று எதிரணி சொல்லும். சொல்லட்டும். இருபத்து நாலாயிரம் கையில் இருந்திருந்தால் அந்தச் சொம்பு பரணைவிட்டு இறங்கியிருக்காது. அதை எனக்கு யாரும் விளக்க முடியாது, நான் நின்று பார்த்தவன்.

எதிரணிச் சகோதரி, தை மாதம் உங்கள் மகளுக்குக் கல்யாணம் என்று பேச்சில் சொன்னீர்கள். பனிக்காலத்தில் மல்லிகை வரத்து குறையும், தை முகூர்த்தத்தில் விலை ஆயிரங்களில் நிற்கும். செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் எடுங்கள், வாடாமல்லி கொஞ்சம் சேருங்கள், முந்தைய நாளே கட்டி வைத்தாலும் தாங்கும். சந்தைக்கு நானே கூட வருகிறேன். எத்தனை மேசை என்று மட்டும் இறங்கி வந்ததும் சொல்லுங்கள், எங்கள் தெருச் சொம்பு அத்தனையும் தேய்த்து அனுப்பி வைக்கிறோம். உங்கள் பரணிலும் ஒன்று கட்டாயம் இருக்கும், அதைப் பெண் மாப்பிள்ளை மேசைக்கு எடுத்து வையுங்கள். நன்றி, வணக்கம்.