ஒதுக்கி வைக்கிற ஆளின் பட்ஜெட் சமையல்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்குக் கேமரா சமையலறையில் இருக்கிறது. பின்னால் பாத்திரம் குவிந்து கிடப்பதைக் கண்டுகொள்ளாதீர்கள்.

கொஞ்ச நாளாகக் கையில் காசு இறுக்கம். மலிவாகச் சாப்பிடுவது எப்படி என்று தேடினால் எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் நீட்டுகிறார்கள். பயறு வாங்கு, கோஸ் வாங்கு, கீரை வாங்கு, மொத்தமாக வாங்கு. சரிதான். ஆனால் அந்தப் பட்டியலில் பாதியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கிற ஆள் நான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வீட்டில் இதற்கு நொரநாட்டியம் என்று பெயர்.

முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். விலை குறைவாக இருக்கிறதே என்று ஒரு முழு முட்டைக்கோஸைத் தூக்கிக்கொண்டு வந்தேன். தலை பெரிசுக்கு இருந்தது. பாதியை வேகவைத்தேன், இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மீதிப் பாதி ஃப்ரிட்ஜுக்குப் போனது. அப்புறம் கதவைத் திறக்கும்போதெல்லாம் அதுவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதுதான் மிச்சம். வெட்டின பக்கம் கறுத்து, ஓரம் சுருங்கி, கடைசியில் குப்பைக்குப் போனது. அன்று ராத்திரி பசி பொறுக்காமல் வெளியில் வாங்கிச் சாப்பிட்டேன். ஆக, கோஸுக்கும் காசு, வெளிச்சாப்பாட்டுக்கும் காசு.

அப்போதுதான் உறைத்தது. கிலோ விலை பார்த்து வாங்குவது, எதைப் போட்டாலும் சாப்பிடுகிற ஆளுக்கான கணக்கு. நமக்கு, வயிற்றுக்குள் போனதற்குத்தான் விலை. ஒரு கிலோ வாங்கிக் கால் கிலோ மட்டும் சாப்பிட்டால், அந்தக் கால் கிலோ நான்கு மடங்கு விலைக்கு வந்திருக்கிறது. இப்போதெல்லாம் கோஸைக் கால் துண்டாக வெட்டி வைத்திருந்தால் மட்டும் வாங்குகிறேன். கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல்தான், இருந்தும் எனக்கு அதுதான் மலிவு.

இந்த நோட்டைப் பாருங்கள், என் கையெழுத்தை மன்னியுங்கள். பிடிக்காததை எல்லாம் இடது பக்கம் எழுதி, ஏன் பிடிக்கவில்லை என்று வலது பக்கம் எழுதினேன். வெறுமனே பிடிக்காது என்று எழுதக் கூடாது, காரணம் வேண்டும். எழுதி முடித்துப் பார்த்தால், இருபத்துச் சொச்சம் பொருளுக்கு மூன்றே காரணம்: நாற்றம், கசப்பு, வாயில் வழவழவென்று இருப்பது. அடுப்பில் நாம் செய்கிற வேலையை மாற்றினால் மூன்றுமே மாறக்கூடியவை.

நாற்றத்தை எடுத்துக்கொள்வோம். கோஸ், காலிஃபிளவர் மாதிரிக் காய்களில் கந்தகம் கலந்த பொருள்கள் இருக்கின்றன. தண்ணீரில் போட்டு எவ்வளவு நேரம் வேகவிடுகிறோமோ அவ்வளவுக்கு அந்த வாடை கிளம்பும். நான் வெறுத்தது கோஸை இல்லை, அதிகமாக வெந்த கோஸை. இப்போது பாருங்கள், கேமராவை இறக்குகிறேன். சட்டி நன்றாகச் சூடாகிவிட்டது. கோஸை நூல் மாதிரி நறுக்கியிருக்கிறேன். எண்ணெய் ஒரு கரண்டி. போட்டதும் அந்தச் சத்தம் கேட்கிறதா? சத்தம் வரவில்லை என்றால் சட்டி சூடாகவில்லை என்று அர்த்தம், கோஸ் தண்ணீர் விட்டு அவிந்துவிடும். மூன்று, நான்கு நிமிடம் போதும். ஓரம் பழுப்பேற வேண்டும், கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும். ம்ம்... சூடு. ஆனால் இனிக்கிறது.

கசப்புக்கு ஒரு கதை உண்டு. 1931-இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஆய்வகத்தில் ஒரு தூளைக் கையாண்டபோது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார், ஃபாக்ஸுக்கோ ஒரு சுவையும் தெரியவில்லை. பிறகு பார்த்தால் அது பிறவியிலேயே வருகிற வித்தியாசம். TAS2R38 என்ற மரபணுவுக்கு இதில் பெரிய பங்கு என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். கோஸ், புரோக்கோலி வகைகளின் கசப்பு சிலருக்குக் கூடுதலாகத் தெரிவதற்கும் இதே மரபணு ஒரு காரணம். நொரநாட்டியம் என்று திட்டியவர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். பலன் இல்லை.

ஆனால் உப்பு கசப்பை அமுக்கும். கசக்கிற காய்க்கு நாம் உப்பு போடுவதற்கு அதுவும் ஒரு காரணம். கசப்பு அமுங்கினால் காயின் இனிப்பும் தூக்கலாகத் தெரியும். அதற்காக அள்ளிக் கொட்டாதீர்கள். ஒரு சிட்டிகை போட்டு ருசி பாருங்கள், தேவையென்றால் இன்னொரு சிட்டிகை.

வழவழப்புதான் எனக்குப் பெரிய வில்லன். கொண்டைக்கடலையில் எனக்குப் பிரச்சினை ருசி இல்லை, வாயில் தனியாகக் கழன்று வருகிற அந்தத் தோல். வேகவைத்து மசித்துவிட்டால் தோல் இருப்பதே தெரிவதில்லை. இல்லையென்றால் வெந்ததைத் துணியில் ஒற்றி ஈரம் எடுத்து, சூடான சட்டியில் மொறுமொறுவென்று வறுத்துவிடுகிறேன். காய்ந்த கடலை ஊறி வெந்தால் இரண்டரை, மூன்று மடங்கு ஆகும், அதனால் ஒரு கைப்பிடிக்குமேல் நனைப்பதில்லை. ராஜ்மா வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ராஜ்மாவை அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வயிற்றைப் புரட்டிவிடும். ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்டு, அப்புறம் மெத்தென்று வேகவையுங்கள்.

சரி, இதெல்லாம் பழகும்வரை என்ன சாப்பிடுவது? எப்போது வைத்தாலும் மறுக்காமல் சாப்பிடுகிற பொருள்கள் உங்களுக்கும் சில இருக்கும். எனக்கு முட்டை, உருளைக்கிழங்கு, கேரட், வேர்க்கடலை, சோறு. பார்த்தால் அவ்வளவு மோசமில்லை. ஒரு முட்டையில் ஆறு கிராம் அளவுக்குப் புரதம். வேர்க்கடலை நூறு கிராமில் இருபத்தைந்து கிராம். கீரை இறங்காதவர்களுக்குப் பயறு, கடலையிலும் இரும்புச்சத்து உண்டு. அதோடு எலுமிச்சை பிழிந்தாலோ தக்காளி சேர்த்தாலோ உடம்பு அந்த இரும்பைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும், வைட்டமின் சி செய்கிற வேலை அது. நான் வாரம் முழுக்க இந்த ஐந்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன். அலுக்கும். அலுத்தாலும் குப்பைக்குப் போவதில்லையே.

உறைந்த பச்சைப் பட்டாணியைப் பற்றி ஏளனமாகப் பேசுகிறவர்கள் உண்டு. பறித்த கையோடு உறையவைப்பதால் சத்து பெரும்பாலும் அப்படியே இருக்கும். நமக்கு அதைவிட முக்கியம், பையிலிருந்து ஒரு பிடி எடுத்துவிட்டு மூடி வைத்துவிடலாம். அழுகுமே என்ற பயத்தில் திங்க வேண்டியதில்லை.

புதுசாக ஒன்றைப் பழக வேண்டுமென்றால் ஒரே ஒரு கரண்டி, பிடித்த சாப்பாட்டுக்குப் பக்கத்தில். குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், புது உணவு ஒன்று பிடிக்க எட்டிலிருந்து பதினைந்து தடவைவரைகூட ஆகலாம் என்று பார்த்திருக்கிறார்கள். நான் குழந்தை இல்லைதான். ஆனால் என் நாக்கு வளரவில்லை என்று என் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஒன்று மட்டும் விளையாட்டில்லாமல் சொல்கிறேன். சாப்பிடுகிற பொருள் குறைந்துகொண்டே போகிறது, எடை இறங்குகிறது, சாப்பாட்டைப் பார்த்தாலே பயம் வருகிறது என்றால் அது நொரநாட்டியம் இல்லை. மருத்துவத்தில் அதற்குத் தனியாகவே ஒரு பெயர் இருக்கிறது. மருத்துவரைப் பாருங்கள்.

இன்றைய கரண்டி கத்தரிக்காய். ஆறாவது தடவை. இந்த முறை தோலைச் சீவிவிட்டு, மெல்லிய வட்டமாக வெட்டி, இரண்டு பக்கமும் சிவக்க வறுத்திருக்கிறேன். ஓரம் மொறுமொறு. நன்றாகத்தான்... இல்லை. நடுவில் அந்த வழவழ இன்னும் இருக்கிறது. இருங்கள், தண்ணீர் குடித்துக்கொள்கிறேன். அடுத்த வாரம் இதைவிட மெல்லிசாக வெட்டிப் பார்க்கலாம்.