மஞ்சள் வெளுத்தால் வேலை நடக்கிறது

வணக்கம் மக்களே, காரைக்குடியிலிருந்து பேசுகிறேன். இந்தக் கண்ணாடி டம்ளரைப் பாருங்கள். பி-காம்ப்ளக்ஸ் மாத்திரை ஒன்றைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கியிருக்கிறேன். சரி, லைட்டை அணைத்துவிட்டு, கள்ளநோட்டு பார்க்கிற புற ஊதா டார்ச்சை அடிக்கிறேன். பச்சையும் மஞ்சளுமாக ஒளிர்கிறது, தெரிகிறதா? இதுதான் ரிபோஃப்ளேவின், வைட்டமின் பி2.

இதிலிருந்துதான் உடம்பு எஃப்எம்என், எஃப்ஏடி என்ற ஃப்ளேவின்களைச் செய்துகொள்கிறது. அவை ஒரு புரதத்துக்குள் போய் உட்கார்ந்தால் அது ஃப்ளேவின் நொதி, அதாவது வேதிவினையை வேகப்படுத்துகிற என்சைம். எலக்ட்ரான் கொடுக்கல் வாங்கல்தான் அதன் தொழில். வாங்கியதும் மஞ்சள் வெளுத்துவிடும். ஆக்ஸிஜனிடம் கொடுத்ததும் நிறம் திரும்பிவிடும். 1932-இல் ஜெர்மன் விஞ்ஞானிகள் வார்பர்க்கும் கிறிஸ்டியனும் ஈஸ்டிலிருந்து பிரித்தெடுத்த முதல் ஃப்ளேவின் நொதிக்கு ‘மஞ்சள் நொதி’ என்றே பெயர்.

வீட்டில் சர்க்கரை பார்க்கிற ஸ்ட்ரிப்பில் இருப்பதும் பெரும்பாலும் இந்த வகைதான். நுனி ஒரு துளி ரத்தத்தை உறிஞ்சியதும், நொதி குளுக்கோஸிடம் எலக்ட்ரான்களை வாங்குகிறது. அவை மின்முனைக்குப் போய்ச் சேர, அந்த மின்னோட்டத்தைத்தான் கருவி அளக்கிறது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து நம் ஊருக்கு வரவழைத்த மத்திய ஆராய்ச்சி நிலையமான சிக்ரி, 1953-இல் திறந்தது. அதன் துறையே மின்வேதியியல்தான். அந்த வாசலைத் தாண்டிப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கு இந்த ஸ்ட்ரிப்பிலிருந்து பாடத்தைத் தொடங்க வேண்டும் என்பது என் ஆசை.

அப்புறம் தொழிற்சாலை. செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக்குகளுக்கு, பூஞ்சையிலிருந்து கிடைக்கிற செஃபலோஸ்போரின் சி-யின் பக்கச் சங்கிலியை வெட்டியாக வேண்டும். முன்பு அதற்குக் கடுங்குளிரும் குளோரின் கரைப்பான்களும் வேண்டியிருந்தன. நொதி முறையில் டி-அமினோ அமில ஆக்ஸிடேஸ் என்ற ஃப்ளேவின் நொதி முதல் படியைத் தண்ணீரிலேயே முடிக்கிறது. அப்போது உண்டாகிற ஹைட்ரஜன் பெராக்ஸைடே இரண்டாம் படியையும் செய்துவிடுகிறது. கடைசி வெட்டுக்கு மட்டும் வேறொரு நொதி. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் அந்தப் பெராக்ஸைடுதான். கழிவாகப் போகவேண்டியது வேலைக்கு வருகிறது.

ஆனால் அதுவே மிஞ்சினால் நொதியைக் கெடுக்கும். இன்னொன்று, வாங்கிய எலக்ட்ரானைக் கொடுக்க நொதிக்கு ஆக்ஸிஜன் வேண்டும், ஆனால் காற்று தண்ணீரில் லேசில் கரையாது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்ஸிஜன்தான் நிற்கும். அதனால் பெரிய தொட்டியில் காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். ஊதினால் குமிழியின் பரப்பில் நொதி சிதையும். புதுப்புது நொதிகளைத் தேடுவதைவிட இந்தக் காற்றுக் கணக்கைத் தீர்ப்பதுதான் பெரிய வேலை என்று நினைக்கிறேன். கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்கிற தம்பி தங்கைகள், நீங்களாக இருந்தால் அந்தத் தொட்டிக்குள் காற்றை எப்படி விடுவீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள்.