சேர ஒரு கணக்கு, தங்க ஒரு கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். வேலூர் மாவட்டத்தில் சில ஊர்களில் தெருவுக்கு நாலைந்து மிலிட்டரிக்காரர் இருப்பார்கள். அங்கே பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு என்று கேட்ட கையோடு, "பென்ஷனுக்கு இன்னும் எத்தனை வருஷம்?" என்றும் கேட்பார்கள். எனக்கு அந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். சம்பளம் ஆளைக் கூட்டி வரும். பென்ஷன்தான் ஆளை நிறுத்தி வைக்கும். இதை இன்றைக்கு இன்னொரு முறையும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சம்பளம். ஏழாவது சம்பளக் கமிஷன் கணக்குப்படி, சிப்பாயின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய். அதோடு எம்.எஸ்.பி. என்கிற ராணுவப் பணி ஊதியம் 5,200. ஆக 26,900. இரண்டுக்கும் சேர்த்து அகவிலைப்படி உண்டு. 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 சதவீதமாக இருந்தது. அந்தக் கணக்கில் 40,350 ரூபாய் ஆகிறது. பதவி உயர்வு கிடைக்காவிட்டாலும் 8, 16, 24 வருஷங்களில் அடுத்த சம்பள நிலைக்கு ஏற்றிவிடுவார்கள். சிவில் அரசு ஊழியருக்கு இது 10, 20, 30.

இப்போது பென்ஷன். சிப்பாய்க்கு 15 வருஷ சர்வீஸ் வேண்டும். பதினாலாவது வருஷம் சொந்த விருப்பத்தில் வெளியே வந்தால் மாதப் பென்ஷன் கிடையாது. அதனால்தான் பன்னிரண்டு, பதிமூன்று வருஷம் ஆனவர் எவ்வளவு அலுத்துக்கொண்டாலும் பெட்டியைக் கட்டமாட்டார். பதினைந்து தாண்டியதும் அதே ஆள் ஊரில் மனை விலை விசாரிப்பார். ஓய்வு பெறும்போது அடிப்படைச் சம்பளம் 38,000 என்று வையுங்கள். எம்.எஸ்.பி. சேர்த்தால் 43,200. அதில் பாதி, 21,600, பென்ஷன். அதற்கு மேல் அகவிலை நிவாரணம் தனி. 18 வயதில் போய் 18 வருஷம் இருந்தவருக்கு இது 36 வயதில் கையில் கிடைக்கிறது. 2004-க்குப் பிறகு சேர்ந்த மத்திய அரசு சிவில் ஊழியர்களும் துணை ராணுவப் படையினரும் புதிய பென்ஷன் திட்டத்துக்குப் போனபோது, முப்படைகளை மட்டும் பழைய திட்டத்திலேயே விட்டுவைத்தார்கள்.

சியாச்சின் படியையும் சொல்லிவிடுகிறேன். 2017 ஜூலையில் சிப்பாய்களுக்கு அதை 14,000-லிருந்து 30,000 ஆக்கினார்கள். பெரிய தொகைதான், ஆனால் பனிமலையிலிருந்து இறங்கினால் நின்றுவிடும். பென்ஷன் கணக்கிலும் சேராது. அதை நம்பி மாதத் தவணை போட்டு வண்டி வாங்கும் குடும்பம் அடுத்த போஸ்டிங்கில் திண்டாடும். தவணை போடுவதானால் அடிப்படைச் சம்பளத்தை வைத்துப் போடுங்கள்.

2022 ஜூனில், படைக்குக் குறுகிய காலத்துக்கு ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டம் வந்தது. நாலு வருஷம்தான். முதல் வருஷம் மாதம் 30,000. பிறகு 33,000, 36,500, 40,000. எம்.எஸ்.பி. இல்லை, அகவிலைப்படி இல்லை. 30 சதவீதத்தை, கடைசியில் மொத்தமாகத் தரும் சேவா நிதிக்குப் பிடித்துக்கொள்கிறார்கள். முதல் வருஷம் கைக்கு வருவது 21,000. நாலு வருஷத்தில் வீரரின் பங்கு 5.02 லட்சம், அரசும் அதே அளவு போடுகிறது, வட்டியோடு சுமார் 11.71 லட்சம், வருமான வரி கிடையாது. நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படும் 25 சதவீதம் வரையிலானவர்களுக்கு அவர்களுடைய பங்கும் வட்டியும் மட்டும்தான். அரசின் பங்கு கிடையாது. நடுவில் விலகுகிறவருக்கும் அப்படியே. மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் இந்த வரியைப் படிப்பதில்லை.

என் கருத்தைக் கேட்டால், இந்தத் திட்டம் ஆளைக் கூட்டி வரும் கணக்கை வைத்துக்கொண்டு, நிறுத்தி வைக்கும் கணக்கை எடுத்துவிட்டது. சம்பளம் கூட்டி வரும், பென்ஷன் நிறுத்தி வைக்கும் என்றேனே, அதே விஷயம்தான். நாலாவது வருஷத்தில் ஒரு பையன் துப்பாக்கியும் வயர்லெஸ்ஸும் நன்றாகப் பழகியிருப்பான். அவன் தங்கலாமா போகலாமா என்பது அவன் கையில் இல்லை, தேர்வுக் குழு கையில்.

சரி, வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். இதை எங்கே பேசினாலும் விடமாட்டேன்: பார்ட் டூ ஆர்டர். கல்யாணம், குழந்தை, பதவி உயர்வு எல்லாவற்றையும் யூனிட் இந்த ஆர்டராக வெளியிட வேண்டும். அது ஆவண அலுவலகத்துக்கும் சம்பளக் கணக்கு அலுவலகத்துக்கும் போகும். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு இரண்டும் நீலகிரி வெலிங்டனில். ஆர்டர் வராவிட்டால் படி வராது. தப்பாக வந்தால் அதைவிட மோசம், கூடுதலாகக் கொடுத்ததைப் பிறகு பிடிப்பார்கள்.

நம் ஊரில் இதில் பெரிய வில்லன் இனிஷியல். ரேஷன் கார்டில் 'மு. செல்வி', ஆதாரில் 'செல்வி முருகன்', ராணுவ ஏட்டில் வெறும் 'செல்வி'. கணவர் இறந்த பிறகு குடும்பப் பென்ஷனுக்கு எழுதிப் போட்டால், மூன்று செல்வியும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டும். பிறந்த தேதி வேறுபட்டாலும் இதே கதி. பிரமாணப் பத்திரம் கொடுத்துச் சரிசெய்யலாம். சர்வீஸில் இருக்கும்போது யூனிட் குமாஸ்தாவிடமே இந்த வேலை முடியும். ஓய்வுக்குப் பிறகு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். அடுத்த லீவில் வரும்போது மூன்றையும் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பாருங்கள். மனைவி பெயர், தேதி, பிள்ளைகள் பெயர். ஒத்துப்பாருங்கள்.

ஓய்வு பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: இப்போது பென்ஷன், ஸ்பர்ஷ் என்கிற ஆன்லைன் ஏற்பாட்டின் வழியாக வருகிறது. வருஷா வருஷம் உயிர்வாழ் சான்று பதியாவிட்டால் நின்றுவிடும்.

அதிகாரிகள் கணக்கு பாக்கி இருக்கிறது, நேரம் இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். பரங்கிமலை அகாதெமியில் பயிற்சி பெறும் குறுகிய காலப் பணி அதிகாரிக்குச் சர்வீஸ் 10 வருஷம், நீட்டித்தால் 14. அதிகாரிக்குப் பென்ஷன் கிடைக்க 20 வேண்டும். ஆக, நிரந்தரப் பணி கிடைக்காதவர் கிராஜுவிட்டியோடுதான் வெளியே வருவார். விண்ணப்பம் போடும் பிள்ளைகள் 56,100 என்ற தொடக்கச் சம்பளத்தோடு இதையும் பார்த்துவிட்டுப் போடுங்கள். வணக்கம்.