நாபோத்துக்காக யார் பேசுவது?

அன்பான சகோதர சகோதரிகளே,

விசுவாசமும் அரசியலும் என்று பேச்செடுத்தாலே நமக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு வசனம். "இராயனுடையதை இராயனுக்கும், தேவனுடையதை தேவனுக்கும் செலுத்துங்கள்." அத்தோடு பலர் பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். அரசியல் அந்தப் பக்கம், ஆலயம் இந்தப் பக்கம், நடுவில் ஒரு சுவர். இயேசு சொன்னது இதுதானா?

ரோமப் பேரரசனாகிய இராயனுக்கு வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்களிடம் இயேசு காட்டச் சொன்ன அந்தக் காசைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்ப்போம். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய வெள்ளிக்காசு. ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். பெரும்பாலும் திபேரியு இராயனின் காசாக இருந்திருக்கும் என்கிறார்கள் அறிஞர்கள். நடுவில் அவன் தலை. சுற்றிலும் அவனைத் 'தெய்வீக அகுஸ்துவின் மகன்' என்று சொல்லும் எழுத்து. ஆளுகிறவன் தெய்வத்தின் பிள்ளை என்று ஊர் ஊராக அறிவித்துக்கொண்டு போன காசு அது. அதைப் பார்த்து இயேசு கேட்கிறார்: "இந்தச் சுரூபமும் மேலெழுத்தும் யாருடையது?" வேதம் அறிந்த யூதனுக்குச் சுரூபம் என்றதுமே ஆதியாகமம் முதல் அதிகாரம் ஞாபகத்துக்கு வரும். மனிதன் தேவசாயலாகப் படைக்கப்பட்டவன். காசில் இராயன் முகம் இருக்கிறதா, சரி, காசை அவனிடம் கொடுத்துவிடு. மனிதன்மேல் இருப்பது யாருடைய சாயல்? வரி கேட்கலாம் இராயன். ஆளையே கேட்க முடியாது. இராயனின் அதிகாரத்துக்கு எல்லைக்கல் நடுகிற வசனம் இது.

அப்புறம் ரோமர் 13. அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று எழுதினாரே பவுல் என்பார்கள். எழுதினார்தான். அதே பவுல்தான் பிலிப்பி பட்டணத்தில் விசாரணையில்லாமல் அடிபட்டுச் சிறையில் கிடந்தார். மறுநாள் காலையில் "போகலாம்" என்று ஆள் அனுப்பினார்கள். பவுல் போகவில்லை. ரோமக் குடிமகனை வெளியரங்கமாக அடித்துவிட்டு இரகசியமாக அனுப்பப் பார்க்கிறீர்களா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துப்போகட்டும் என்றார். அதிகாரிகள் வந்தார்கள். சட்டத்தை மதிக்கிறவன்தான், சட்டம் மீறப்பட்டால் அதைக் கேட்கவும் செய்கிறான்.

இன்றைக்கு நான் முக்கியமாகப் பேச வந்தது நாபோத்தைப் பற்றி. ஒன்று ராஜாக்கள் 21. யெஸ்ரயேல் ஊரில், இஸ்ரவேலின் ராஜாவாகிய ஆகாபின் அரண்மனைக்குப் பக்கத்தில் நாபோத்துக்கு ஒரு திராட்சத்தோட்டம். ராஜா கேட்கிறான், பிதாக்களின் சுதந்தரம், பரம்பரைச் சொத்து என்று நாபோத் மறுக்கிறான். அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். ஆகாபின் மனைவி யேசபேல் சேனையை அனுப்பவில்லை. ராஜாவின் பெயரால் கடிதம் எழுதி, முத்திரை போட்டு, மூப்பருக்கு அனுப்புகிறாள். கடிதத்தின் முதல் கட்டளை என்ன தெரியுமா? உபவாசம் கூறுங்கள்! பிறகு இரண்டு பொய்ச்சாட்சிகள். குற்றச்சாட்டு: தேவனையும் ராஜாவையும் தூஷித்தான். பக்தியும் தேசப்பற்றும் ஒரே வாக்கியத்தில். ஊர் மூப்பர் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாபோத் கல்லெறிந்து கொல்லப்பட்டான். உபவாச நாளில், முறையான விசாரணை என்ற பெயரில்.

அங்கேதான் தீர்க்கதரிசி எலியா வருகிறார். யேசபேல் ஏற்கெனவே கர்த்தருடைய தீர்க்கதரிசிகளைக் கொன்றவள். எலியா தன் கூட்டத்துக்கு நியாயம் கேட்டு வந்திருக்கலாம். எங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும், சலுகை வேண்டும் என்று கேட்டிருக்கலாம். ஆனால் அன்றைக்கு அவர் பேசியது ஒரு தோட்டக்காரனுக்காக. கொலையும் செய்தாய், நிலத்தையும் எடுத்துக்கொண்டாயா என்று ராஜாவை நேருக்கு நேர் கேட்டார்.

நம் சபைகள் அரசாங்கத்தின் வாசலுக்குப் போகாமல் இல்லை. போகிறோம். நம் ஆலயத்துக்கு, நம் பள்ளிக்கு, நம் உரிமைக்குப் போகிறோம். அது தவறும் இல்லை. நாபோத்துக்காக எத்தனை முறை போனோம்?

ஜெர்மனியில் 1934 மே மாதம் பார்மன் நகரில் கூடியவர்கள் தைரியசாலிகள். ஹிட்லரின் ஆதரவாளர்கள் திருச்சபையைக் கைப்பற்றிக்கொண்டிருந்தபோது, கிறிஸ்துவைத் தவிர வேறு தலைவன் எங்களுக்கு இல்லை என்று அறிக்கை செய்தார்கள். ஆனால் அந்த அறிக்கையில் யூதர்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அதை எழுதியதில் பெரும்பங்கு வகித்த இறையியலாளர் கார்ல் பார்த் இதைத் தம்முடைய குற்றமாகவே 1967-ல் ஒப்புக்கொண்டார். சபையின் சுதந்திரத்துக்காகப் பேசினோம், நாபோத்தை விட்டுவிட்டோம் என்றுதான் எனக்கு அது கேட்கிறது. ஜெர்மானியப் போதகர் போன்ஹோஃபர் 1933-லேயே எழுதியிருந்தார்: சக்கரத்தில் நசுங்கியவருக்குக் கட்டுப் போட்டால் மட்டும் போதாது, சக்கரத்தையே நிறுத்த வேண்டி வரலாம் என்று. 1945 ஏப்ரல் 9 அன்று ஹிட்லரின் ஆட்கள் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

தென்னாப்பிரிக்காவில் நடந்தது எனக்கு இன்னும் வலிக்கிறது. வெள்ளையரல்லாத விசுவாசிகளோடு ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்க வெள்ளையர் சிலர் தயங்கினார்கள். 1857-ல் டச்சு சீர்திருத்தச் சபையின் ஆலோசனைச் சங்கம், 'சிலருடைய பலவீனத்தினிமித்தம்' தனித்தனியே ஆராதிக்கலாம் என்று அனுமதித்தது. சின்ன சலுகைதான். 1881-ல் வெள்ளையரல்லாதவர்களுக்கென்று தனிச் சபையே உண்டாயிற்று. 1948-க்குப் பிறகு அரசே நிறவெறியைச் சட்டமாக்கியபோது, அதற்கு வேதத்திலிருந்து நியாயம் எடுத்துக் கொடுக்கப் போதகர்கள் ஆயத்தமாக இருந்தார்கள். திருவிருந்துப் பாத்திரத்தில் தொடங்கியது தேசத்தின் சட்டப்புத்தகம் வரை போனது. அப்படி ஒதுக்கப்பட்டவர்களின் சபையே 1982-ல் பெல்ஹார் அறிக்கையை எழுதியது. அநீதிக்குள்ளானவர்கள் பக்கம் தேவன் நிற்கிறார், அங்கேயே சபையும் நிற்க வேண்டும் என்று அதில் அறிக்கை செய்தார்கள்.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று போதகர் மேடையிலிருந்து சொல்லலாமா என்று கேட்பீர்கள். கூடாது. உண்மையான விசுவாசிகள் வெவ்வேறு கட்சிகளில் இருக்கிறார்கள், இருக்கலாம். பிரசங்க மேடையைக் கட்சிக்குக் கொடுத்த நாளிலேயே ஆகாபைக் கேள்வி கேட்கும் வாயை நாம் இழந்துவிடுகிறோம். அவன் நம் ஓட்டில் வந்த ஆகாபாக இருந்தாலும் எலியாவின் கேள்வி மாறாது.

ஞாயிறுதோறும் ஆளுகிறவர்களுக்காக ஜெபிக்கிறோம். ஒன்று தீமோத்தேயு 2 அப்படித்தான் சொல்கிறது, தொடர்ந்து செய்வோம். வருகிற ஞாயிறு அந்த ஜெபத்தோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய தீர்மானத்தால் வீட்டையோ நிலத்தையோ உயிரையோ இழந்த ஒருவரை, நம் சபையைச் சேராத ஒருவரை, பெயர் சொல்லி ஜெபியுங்கள். பெயர் தெரியவில்லை என்றால், திங்கட்கிழமை போய் விசாரியுங்கள்.