கை மாறி வந்த சிப்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் ஒரு வளையல் மேல் சந்தேகம் வந்தால் ஆசாரியிடம் கொடுக்கிறோம். உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்துச் சொல்லிவிடுவார். சிப்புக்கு அப்படி ஓர் உரைகல் கிடையாது. ரேடாருக்குள்ளும் ஏவுகணைக்குள்ளும் உட்கார்ந்திருக்கும் நகக்கண் அளவு கறுப்புத் துண்டு நல்லதா கெட்டதா என்று மேலே பார்த்துச் சொல்ல முடியாது. அது எந்தக் கையிலிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். வேலையில் இருந்த காலமெல்லாம் நான் சொல்லிவந்தது இது ஒன்றுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னை, வந்திறங்கும் சரக்கைச் சோதிக்கும் பிரிவில் போட்டார்கள். ஒரு நாள் தரகர் மூலம் வாங்கிய சிப் ஒரு தட்டு வந்தது. மின்சோதனையில் அத்தனையும் பாஸ். கையெழுத்துப் போடப் போனேன். பக்கத்து மேசைப் பெரியவர் ஒன்றை எடுத்து விளக்கடியில் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இந்த சிப்போட கம்பிக் காலைப் பாருங்க. ஏற்கெனவே ஒரு போர்டுல உட்கார்ந்து எழுந்த கால் இது" என்றார். உண்மைதான், ஓரத்தில் பழைய ஈயப்பற்று மினுங்கியது. பஞ்சில் அசிட்டோன் தொட்டு மேலே தேய்த்தார். பஞ்சு கறுப்பானது. புத்தம் புது எழுத்து கரைந்து போய், அடியில் உப்புத்தாள் தேய்த்த கோடுகள் தெரிந்தன. சிப்பைச் சுரண்டி, கறுப்புப் பூசி, புதுத் தேதி அச்சடித்திருந்தார்கள்!

சோதனையில் அவை வேலை செய்தன என்பதை மறந்துவிடாதீர்கள். அன்று வேலை செய்யும். உயரத்தின் குளிரிலும் அதிர்விலும் என்றைக்குக் கைவிடும் என்று யாருக்கும் தெரியாது.

இது நமக்கு மட்டும் வந்த தலைவலி இல்லை. அமெரிக்க செனட்டின் ராணுவக் குழு 2012-இல் வெளியிட்ட அறிக்கையில் போலி உதிரி என்று சந்தேகப்பட்ட சுமார் 1,800 சம்பவங்கள், 10 லட்சத்துக்கு மேல் உதிரிகள். குப்பைக்குப் போன பழைய கணினிப் போர்டுகளைச் சூடாக்கி, சிப்பைக் கழற்றிக் கழுவி விற்கிறார்கள்.

சரி, ராணுவம் ஏன் தரகரிடம் போகிறது? ஒரு போர் விமானம் முப்பது வருடம் பறக்கும். அதிலுள்ள சிப்பைச் செய்தவர்களோ சில வருடத்தில் அதை நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். அப்புறம் பழுது பார்க்க, கை மாறி வந்த சிப்தான்.

அதனால்தான் சொந்த ஆலை வேண்டும் என்கிறேன். சண்டிகருக்குப் பக்கத்தில் மொகாலியில் அரசின் ஆலை 1984-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1989-இல் தீப்பிடித்து, ஆலை பல வருடம் முடங்கியது. அந்த வருடங்களை இழந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. இப்போது அங்கே 180 நானோமீட்டர் நுணுக்கத்தில் சிப் செய்கிறார்கள்; இந்த எண் குறையக் குறைய சிப் நுணுக்கமானது. கைபேசி சிப்போடு ஒப்பிட்டால் பழையது என்பார்கள். ராக்கெட்டுக்கு அது போதும். விக்ரம் 1601 சிப் 2009 முதல் இஸ்ரோ ராக்கெட்டுகளில் பறக்கிறது; அங்கே செய்த சிப் 2016-இல் சேர்ந்தது. அடுத்து வந்த 32 பிட் விக்ரம் 3201, மைனஸ் 55 டிகிரியிலிருந்து 125 டிகிரி வரை தாங்கும். எந்தக் கை செய்தது என்று நமக்குத் தெரிந்த சிப்!

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சிப்புக்குள் ஒளித்துவைக்கும் திருட்டுச் சுற்றுகளைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன். நம் சென்னை ஐஐடி உருவாக்கிய சக்தி என்ற கணினிச் செயலி பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். அதன் வடிவமைப்பு திறந்தது. யாரும் பிரித்துப் பார்க்கலாம். அந்த வழியில் இஸ்ரோவுக்காக உருவான ஐரிஸ் சிப்பை 2025-இல் காட்டினார்கள். சென்னையில் வடிவமைத்து, மொகாலியில் செய்து, கர்நாடகத்தில் உறை போட்டு, குஜராத்தில் செய்த போர்டில் பொருத்தினார்கள். வணக்கம்.